பலகையில் இரண்டு கையும் இருக்கும்போது

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன மாதம் போன் செய்து, "நீ பதினைந்து நிமிஷம் பேசணும்ப்பா. மாணவர்களுக்குப் பயன்படுற மாதிரி இருக்கணும்" என்றார். தலைப்பு என்ன என்று கேட்டேன். "தொழில் முனைவோரின் வெற்றிப் பாதை" என்றார். வெற்றிப் பாதையைப் பற்றிப் பேச இந்த மேடையிலேயே என்னைவிடத் தகுதியானவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எனவே, "நான் ஒரு சுவிட்சைப் பற்றிப் பேசுறேன்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "சரி, என்னமோ பேசு" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் கொடுத்த அந்த உரிமையில்தான் இப்போது நின்றுகொண்டிருக்கிறேன்.

நான் 1988-இல் இங்கே மெக்கானிக்கல் முடித்தவன். எட்டு வருஷம் வெளியூரில் வேலை பார்த்துவிட்டு, 1996-இல் தென்காசிப் பக்கம் சொந்தமாக ஒரு மரப்பட்டறை போட்டேன். நிலை, கதவு, சன்னல், கட்டில் இதுதான் தொழில். பக்கத்தில் செங்கோட்டையில் மரத்துக்குப் பஞ்சமில்லை. மலையைத் தாண்டினால் கேரளத்து ரப்பர் மரம். பட்டறையின் உயிர்நாடி மேசை ரம்பம். சர்க்குலர் என்று நாங்கள் சொல்வோம். பார்க்காதவர்களுக்காக ஒரு வரி: ஒரு இரும்பு மேசை, அதன் நடுவில் ஒரு பிளவு, பிளவு வழியாக வட்ட ரம்பத்தின் மேல்பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மரம்தான் ரம்பத்தை நோக்கிப் போகணும். தள்ளுவது மனிதனின் கை.

எங்களுடையது 12 அங்குல ரம்பம். நிமிடத்துக்கு 2880 சுற்று. கணக்குப் போட்டால் ஒவ்வொரு பல்லும் விநாடிக்கு 46 மீட்டர், அதாவது மணிக்கு 165 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நாலுவழிச் சாலையில் எந்தக் காரும் போகக்கூடாத வேகம் அது. அதிலிருந்து ஒரு சாண் தள்ளி நம் விரல் இருக்கிறது.

இந்த இடத்தில் நம் கல்லூரி ஒர்க்‌ஷாப் ஞாபகம் வருகிறது. முதலாண்டில் லேத் முன்னால் எங்களை நிறுத்திய இன்ஸ்ட்ரக்டர், ஓட்டுவதற்குச் சொல்லித்தரும் முன்னால் நிறுத்தச் சொல்லித்தந்தார். ஓடாத மெஷினை ஆளுக்குப் பத்துத் தடவை நிறுத்தணும். "நிறுத்தத் தெரியாதவன் ஓட்டக்கூடாதுடா" என்பார். நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்திருக்கிறோம். பரீட்சையில் அந்தக் கேள்வி வராது என்பதால் அதை நான் மறந்தும் போனேன்.

பட்டறையில் ரம்பத்துக்கு முதலில் ஸ்டார்டர்கூட இல்லை. சுவரில் கைப்பிடி வைத்த மெயின் சுவிட்ச்தான். மேலே தூக்கினால் ஓடும், கீழே இறக்கினால் நிற்கும். 2008-இல் நம் மாநிலத்தில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள் அறுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. கைப்பிடியை யாரும் கீழே இறக்கவில்லை. எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். உதவிக்கு இருந்த பையன் மட்டும், சும்மா இருப்பானேன் என்று ரம்பத்தைச் சுற்றியிருந்த மரத்தூளைக் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தான். ஒதுக்கி முடித்துக் கையை எடுத்தான், கரண்ட் வந்தது, ரம்பம் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்று முழுக்க அவன் பேசவில்லை. நானும்தான்.

மறுநாளே ஸ்டார்டர் வாங்கிவிட்டேன். எலக்ட்ரிக்கல் படித்தவர்களுக்கு இது பால பாடம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பச்சைப் பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு காயில் காந்தமாகி, காண்டாக்டரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் காந்தம் போகும், காண்டாக்டர் விட்டுவிடும். கரண்ட் திரும்பி வந்தாலும், ஒரு ஆள் மறுபடி பச்சையை அழுத்தினால்தான் மெஷின் ஓடும். பாதுகாப்புக்கு இதைவிட என்ன வேண்டும் என்று எனக்குப் பெருமை.

அந்த ஸ்டார்டரை எங்கே வைத்தேன் தெரியுமா? பழைய மெயின் சுவிட்ச் இருந்த அதே சுவரில், மீட்டர் போர்டுக்குப் பக்கத்தில். ரம்பத்தின் முன்னால் நிற்கிற ஆளுக்கு முதுகுப் பக்கம், ஆறு எட்டு தூரம். எலக்ட்ரீஷியன் கேட்டார், "சார், மெஷின் கிட்ட கொண்டுபோயிரலாமா? ஏழு மீட்டர் கேபிள் கூட வரும்." தரையில் கேபிள் ஓடினால் வண்டி இழுக்க இடைஞ்சல், பெட்டிக்குள் மரத்தூள் போகும், செலவும் கூட. மூன்று காரணம் சொல்லி வேண்டாம் என்றேன். மூன்றுமே நியாயமான காரணங்கள்தான். நாலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை.

2009-இல் அது நடந்தது. எங்கள் மேஸ்திரி என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பட்டறை போட்ட நாளிலிருந்து உடனிருந்தவர். மரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லித்தந்தது. அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைத் தம்பி என்பார். அன்று ரப்பர் மரப் பலகையை நீளவாக்கில் கிழித்துக்கொண்டிருந்தார். சரியாக உலராத பலகை. அப்படிப்பட்ட மரம் பாதி அறுத்ததும் உள்ளிருக்கும் முறுக்கில், அறுத்த வாயை மூடிக்கொள்ளும். ரம்பத்தின் முன்பக்கப் பல் கீழே இறங்குகிறது. பின்பக்கப் பல் மேலே ஏறுகிறது. மூடிய வாய் அந்தப் பின்பக்கப் பல்லை இறுக்கிவிட்டால், பலகையைத் தூக்கி ஆள் பக்கமே எறியும்.

பலகை நடுங்க ஆரம்பித்தது அவருக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு அனுபவம். கையை விட்டால் பலகை அடிக்கும்; தள்ளினால் இன்னும் இறுகும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு மெஷினை நிறுத்தணும். பொத்தான் ஆறு எட்டுக்குப் பின்னால். "ஆஃப் பண்ணு" என்று கத்தியிருக்கிறார். இழைப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அஞ்சாறு விநாடி பிடித்துப் பார்த்திருக்கிறார். பிறகு பலகை துள்ளியது. இடது கை ரம்பத்தின் மேல் இழுபட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இரண்டாவது கணுவோடு போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் நான் கேட்ட முதல் கேள்வியை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. "ஏன் அண்ணாச்சி, ஆஃப் பண்ணியிருக்கலாமே?" என்றேன். அவர் கோபப்படவில்லை. "பலகைய விட்டுட்டு எப்படி வாறது தம்பி? பொத்தான் அங்கன இல்ல கெடக்கு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஆறு செமஸ்டர் படித்த எனக்கு விளங்காத விஷயம் அந்த வாக்கியத்தில் இருந்தது. அந்தப் பொத்தானை அங்கே வைத்தது நான். வைக்கும்போது நான் சுவர்ப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன், இரண்டு கையும் காலியாக. அவர் அதைத் தேடும்போது ரம்பத்தின் முன்னால், இரண்டு கையும் பலகையில்.

மருத்துவச் செலவைப் பார்த்தேன், வேலைக்கு வராத நாளுக்கும் சம்பளம் கொடுத்தேன். அதையெல்லாம் பெருமையாகச் சொல்ல முடியாது. விரல் திரும்ப வராது.

பட்டறைக்குத் திரும்பியதும் பூட்டிவிட்டுத் தனியாக நின்றேன். ஓடாத ரம்பத்தின் முன்னால் ஒரு பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். பதின்மூன்று வருஷத்தில் முதல் தடவையாக. அப்படி நின்றதும் எல்லாம் தானாகத் தெரிந்தது. ஆள் ரம்பத்துக்கு நேராக நிற்கக்கூடாது, எதிரடி அந்தக் கோட்டில்தான் வரும். இடது பக்கம் ஒதுங்கித்தான் நிற்கணும். ஆகவே பொத்தான் மேசையின் முன்பக்கம், இடது ஓரத்தில் வேண்டும். கையை எடுக்க முடியாது. ஆகவே தொடையாலோ முழங்காலாலோ தட்டுகிற மாதிரி இருக்கணும். கண்ணை ரம்பத்திலிருந்து எடுக்க முடியாது. ஆகவே தேடாமல் கிடைக்கிற அளவுக்குப் பெரிதாக இருக்கணும். எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட்டை மேசையில் ஏற்றினால் விளிம்புக்கு வெளியே தொங்கும். அது மறைக்காத உயரத்தில் இருக்கணும். குனியும்படி இருக்கக்கூடாது, குனிந்தால் முகம் ரம்ப மட்டத்துக்கு வந்துவிடும்.

செய்தது மிகச் சின்ன வேலை. ஸ்டார்டர் சுவரிலேயே இருக்கட்டும் என்று விட்டேன். ஸ்டாப் பொத்தானை மட்டும் தனியாக மேசைக்குக் கொண்டுவந்தோம். ஸ்டாப் என்பது காயிலுக்குத் தொடரில் வருகிற, சாதாரணமாக மூடியிருக்கிற தொடர்பு. அழுத்தினால் திறக்கும், மெஷின் நிற்கும். வயர் அறுந்தாலும் திறக்கும், அப்போதும் நிற்கும். தொடர் இணைப்பு என்பதால் ஒன்று வைத்தாலும் ஒன்றுதான், நாலு வைத்தாலும் ஒன்றுதான். மேசையின் இடது முன்பக்கம் ஒன்று, அறுத்த பலகையை வாங்கும் பையன் நிற்கிற பின்பக்கம் இன்னொன்று. முன்பக்கப் பொத்தானுக்கு மேலே கீல் வைத்து ஒரு அகலமான பிளைவுட் தட்டைத் தொங்கவிட்டு, சிவப்புப் பெயிண்ட் அடித்தோம். முழங்கால் எங்கே பட்டாலும் தட்டு பொத்தானை அழுத்திவிடும். பச்சைப் பொத்தானைக் குழிக்குள் வைத்தோம், துணியோ பலகையோ தெரியாமல் அழுத்திவிடக்கூடாது என்பதற்காக. அன்றைய விலையில் எல்லாம் சேர்த்து நானூறு ரூபாய் ஆகவில்லை.

மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். இதை நீங்களே திறந்து செய்யக்கூடாது. நம் ஊர் மூன்று பேஸ் ஸ்டார்டர்களில் காயிலுக்கே 415 வோல்ட் வருவதுண்டு. மெயினை அணைத்து, பூட்டு போட்டு, தெரிந்த எலக்ட்ரீஷியன்தான் கை வைக்கணும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். சுவிட்ச் சர்வரோக நிவாரணி இல்லை. எதிரடி வந்துவிட்டால் அது கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். எந்தப் பொத்தானும் உதவாது. நிறுத்தினாலும் ரம்பம் உடனே நிற்பதில்லை. எங்களுடையது முழுசாக ஓய 12 விநாடி ஆனது. அதுவரை கை கிட்டே போகக்கூடாது. அறுத்த வாய் மூடாமல் தடுக்க, ரம்பத்துக்குப் பின்னால் நிற்கிற பிளவுத் தகடு ஒன்று உண்டு. எங்கள் மெஷினில் அதைக் கழற்றி மூலையில் போட்டிருந்தோம், வேலைக்கு இடைஞ்சல் என்று. அது இருந்திருந்தால் பலகை இறுகியே இருக்காது என்பதையும் நான் ஒப்புக்கொள்ளணும். ரம்ப மூடி, தள்ளுகட்டை, பிளவுத் தகடு, இவை மூன்றும் முதல் காவல். ஆனால் அவை தவறுகிறபோது, "ஏதோ சரியில்லை" என்று ஆளுக்குத் தெரிவதற்கும் விபத்துக்கும் நடுவில் சில நேரம் அஞ்சாறு விநாடி கிடைக்கும். அண்ணாச்சிக்குக் கிடைத்தது. அந்த விநாடிகளை நான் சுவரில் மாட்டி வைத்திருந்தேன்.

பிற்பாடு படித்துப் பார்த்தால், இதெல்லாம் எனக்கு முன்பே பெரியவர்கள் எழுதி வைத்ததுதான். 1948-இல் வந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 24-ஆம் பிரிவிலேயே, ஓடுகிற இயந்திரத்துக்கு ஆபத்து வேளையில் மின்சக்தியைத் துண்டிக்கிற சாதனம் ஒவ்வொரு வேலைக்கூடத்திலும் இருக்கணும் என்று எழுதியிருந்தார்கள். தானாக நழுவி ஓட்ட நிலைக்குப் போய்விடாதபடி பூட்டும் வசதி இருக்கணும் என்றும் 1976 திருத்தத்தில் சேர்த்தார்கள். அவசர நிறுத்தப் பொத்தானுக்கு ஐ.எஸ்.ஓ. 13850 என்று உலகத் தரமே இருக்கிறது: சிவப்புக் காளான் தலை, பின்னணி மஞ்சள், அழுத்தினால் அப்படியே பிடித்துக்கொள்ளும், விடுவித்தாலும் மெஷின் தானாக ஓடக்கூடாது. அந்தத் தரத்தின் பெயர்கூட எனக்கு அன்று தெரியாது.

அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்ற இயற்பியல் படித்த வழக்கறிஞர், விரல் பட்டதுமே ரம்பத்தை நிறுத்துகிற ஏற்பாட்டை 1999-இல் உருவாக்கினார். தோலின் மின் தன்மையை உணர்ந்து, ஒரு அலுமினியக் கட்டையை ரம்பத்தின் பல்லுக்குள் பாய்ச்சி, 5 மில்லி விநாடியில் நிறுத்திவிடும். அவருடைய சாஸ்டாப் ரம்பங்கள் 2004 முதல் விற்பனைக்கு வந்தன. அற்புதமான கண்டுபிடிப்பு. இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், அத்தனை கெட்டிக்கார மெஷினிலும் முன்பக்கம் முழங்காலால் தட்டி நிறுத்த ஒரு பெரிய சிவப்புத் தட்டு இருக்கிறது. விலை உயர்ந்த அறிவு வந்துவிட்டது என்பதால் இந்தச் சாதாரணத் தட்டை அவர்கள் விட்டுவிடவில்லை.

அண்ணாச்சி மூன்று மாதம் கழித்து வேலைக்கு வந்தார். முதல் நாள் ரம்பத்தின் முன்னால் நின்று, ஓட்டிவிட்டு, முழங்காலால் தட்டினார். நின்றது. மறுபடி ஓட்டினார், தட்டினார். நாலைந்து தடவை. "இப்பத்தான் மிசினு நம்ம பேச்சக் கேக்கு" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "இத முந்தியே செஞ்சிருக்கலாம்லா தம்பி" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல? இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. 2019-இல் அவர் ஓய்வு பெறும் வரை அந்த ரம்பத்தில்தான் வேலை பார்த்தார்.

இப்போது நான் இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். நேற்று சாயங்காலமே ஊருக்கு வந்துவிட்டேன். பழைய ஞாபகத்தில் ஒர்க்‌ஷாப்புக்குள் போனேன். கார்பென்ட்ரி பிரிவில் ஒரு மேசை ரம்பம் நிற்கிறது. நாங்கள் படிக்கும்போது இல்லாதது. ஸ்டார்டர் எங்கே என்று பார்த்தேன். மேசைக்கு அடியில், வலது பின்காலுக்கு உள்பக்கம். அதை அழுத்தணும் என்றால் ஒரு மாணவன் பலகையை விட்டுவிட்டு, ரம்பத்துக்கு நேரே வந்து, குனிந்து, கையை உள்ளே விடணும். உடனிருந்த இன்ஸ்ட்ரக்டர் நல்ல மனிதர். "மெஷின் வந்தப்பவே இப்படித்தான் சார் இருந்துச்சு. பசங்க பழகிட்டாங்க" என்றார். நானும் அண்ணாச்சியும் பதின்மூன்று வருஷம் பழகித்தான் இருந்தோம். இதுவரை ஒன்றும் நடக்கவில்லை என்றார். எனக்கும் 2009 வரை ஒன்றும் நடக்கவில்லை.

இது யாரையும் குறை சொல்வதற்காக அல்ல. குறை சொல்கிற தகுதி எனக்குக் கிடையாது. முதல்வர் அவர்களிடம் காலையிலேயே பேசிவிட்டேன். பெரிய மனது பண்ணி ஒத்துக்கொண்டார். நம் எலக்ட்ரிக்கல் பிரிவு நண்பர் ஒருவர், இந்த மேடையில்தான் இருக்கிறார், வயரிங் வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். பிளைவுட் தட்டு என் பட்டறையிலிருந்து வரும். சங்கத்தின் சார்பில் நுழைவாயில் வளைவுக்கு நிதி திரட்டுகிறோம், நல்ல காரியம். அதோடு, ஒர்க்‌ஷாப் மெஷின்கள் அனைத்துக்கும் ஒரு நிறுத்தப் பொத்தான் எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்ய ஒரு சிறு தொகையையும் ஒதுக்கணும் என்று தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதில் யார் பெயரும் பொறிக்க இடமிருக்காது. பரவாயில்லை.

மாணவச் செல்வங்களுக்கு ஒரே ஒரு வேலை தருகிறேன். அடுத்த வாரம் ஒர்க்‌ஷாப் வகுப்புக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். லேத், டிரில்லிங் மெஷின், கிரைண்டர், ரம்பம், ஒவ்வொன்றின் முன்னாலும், மெயின் அணைந்திருக்கிறபோது, வேலை செய்கிற மாதிரியே நில்லுங்கள். இரண்டு கையும் வேலையில் இருக்கட்டும். இப்போது, தலையைத் திருப்பாமல், குனியாமல், கையை எடுக்காமல் இதை நிறுத்த முடியுமா? முடியும், முடியாது என்று எழுதுங்கள். முடியாது என்று வருகிற மெஷினை இன்ஸ்ட்ரக்டரிடம் காட்டுங்கள். பழகிவிட்டது என்ற பதிலை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

நாளைக்கு நீங்கள் மெஷின் வடிவமைப்பீர்கள், தொழிற்சாலை நடத்துவீர்கள், சிலர் வெறும் கம்ப்யூட்டர் திரையில் படம் போடுவீர்கள். பொத்தானை எங்கே வைப்பது என்று வரும்போது, படத்தில் எங்கே அழகாக இருக்கும், எங்கே வயர் குறையும் என்று பார்க்காதீர்கள். எழுந்து போய், அந்த ஆள் நிற்கிற இடத்தில், அவர் கையில் இருப்பதை உங்கள் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நில்லுங்கள். எனக்கு அந்த ஒரு நிமிஷம் பதின்மூன்று வருஷம் தாமதமாகக் கிடைத்தது.

முதலாண்டில் எங்களைப் பத்துத் தடவை நிறுத்தச் சொன்ன அந்த இன்ஸ்ட்ரக்டர் இன்று நம்மிடையே இல்லை. அவரை வணங்குகிறேன். பந்தி தயாராகிவிட்டது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். சாப்பிட்டுவிட்டு, வர விருப்பமுள்ளவர்கள் ஒர்க்‌ஷாப் பக்கம் வாருங்கள்; அந்த ரம்பத்துக்கு அளவெடுக்க வேண்டியிருக்கிறது.